பிள்ளையாருக்குக் கொடுத்த ட்ரைவ்

உன் பழைய ஹார்ட் டிஸ்க் என் மேசைமேல் இருக்கிறது, புள்ள. அதன் முதுகில் நீ வைத்த சந்தனப் பொட்டு காய்ந்து, பாதி உதிர்ந்து, ஓரத்தில் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் வைத்த குங்குமம் கறுத்துவிட்டது. மூக்கருகே கொண்டுபோனால் சந்தனமும் சூடுபட்ட இரும்பும் கலந்த வாசனை இன்னும் லேசாக வருகிறது. இதற்கு இனிமேல் வேலை இல்லை. தூக்கிப் போடவும் மனசு வரவில்லை. சரி, உனக்கு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். நடந்ததைக் கேட்டால் நீ என்னைத் திட்டுவாய். திட்டு, பரவாயில்லை. உன்னிடம் திட்டு வாங்கி ரொம்ப நாளாயிற்று.

ஆயுத பூஜை அன்று ஊரெல்லாம் கம்ப்யூட்டர் பெட்டியின் நெற்றியில் பொட்டு வைத்துவிட்டுப் பொரி தின்னப் போய்விடும். நீ மட்டும்தான் திருப்புளியை எடுத்துப் பெட்டியைத் திறப்பாய். "வெளிய இருக்கற தகரத்துக்கு எதுக்குப் புள்ள பொட்டு? உள்ள ஓடறவனுக்கு வைக்கோணும்" என்பாய். சந்தனம் வழிந்து எதையாவது பொசுக்கிவிடப் போகிறது என்று நான் கத்துவேன். "நீ கெட்டியாக் கொழைச்சிருந்தா அது எதுக்கு வழியுது?" என்று பழியை என் தலையில் போட்டுவிட்டு, டிஸ்க்குக்கு நிதானமாகப் பொட்டு வைப்பாய். மிஞ்சிய சந்தனத்தை என் கன்னத்தில் இழுத்துவிட்டுச் சிரிப்பாய்.

அம்மாபேட்டையில், தறி ஓடும் வீட்டின் மாடியில், நாம் கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கும் கடையைத் திறந்தபோது, இரண்டு பொம்பளைகள் என்னத்தைக் கிழித்துவிடப் போகிறார்கள் என்று கேட்டவர்கள் உண்டு. அவர்களே பிறகு தங்கள் பிள்ளைகளின் பத்திரிகைக்கு நம் படியேறி வந்தார்கள். நீ பனமரத்துப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வருவாய். நான் நாமகிரிப்பேட்டையில் பிறந்து இந்தத் தெருவுக்கு வாக்கப்பட்டவள். நீ டைப் அடிப்பாய், நான் பிழை பார்ப்பேன். காலையில் ஸ்விட்சைப் போட்டால் அந்த மிஷின் கண் விழிப்பதற்குள் கீழே போய் டீ குடித்துவிட்டு, தறிக்காரம்மாவோடு ஊர்க்கதையும் பேசிவிட்டு வரலாம். நம் பாதிப் பேச்சு அந்த நேரத்தில் பேசியதுதான்.

பெயர்ப் பட்டியலில் நீ பொல்லாதவள். "பெரியப்பன் பேரு உட்டுப்போச்சுன்னா அவரு பந்தியில ஒக்கார மாட்டாரு. செத்தவங்க பேருக்கு முன்னால தெய்வத்திரு உட்டுப்போச்சுன்னா பங்காளிக சண்டைக்கே வந்துருவாங்க. இன்னொருக்காப் படி" என்று என்னை விரட்டுவாய். யார் உயிரோடு இருக்கிறார்கள், யார் இல்லை என்று கல்யாண வீட்டாரிடம் வாய் கூசாமல் கேட்டு எழுதிக்கொள்வாய். இறந்தவர்களுக்கு மரியாதை குறையக் கூடாது என்பதில் அவ்வளவு பிடிவாதம் உனக்கு.

இந்தக் கம்ப்யூட்டர் வந்த புதிதில் சி, டி என்ற இரண்டு ட்ரைவுகளோடு மூன்றாவதாக ஒரு குட்டி ட்ரைவும் திரையில் தெரிந்தது. திறந்து பார்த்தோம். உள்ளே ஒன்றும் இல்லை. "வெறுமனே கெடக்குது. பிள்ளையாருக்குக் குடுத்துரலாம்" என்று சொல்லி, அதன் ஆங்கிலப் பெயரை அழித்துவிட்டு 'உ' என்று ஒற்றை எழுத்தைப் போட்டாய். மளிகைச் சீட்டுக்குக்கூடப் பிள்ளையார் சுழி போடுகிற கை, கம்ப்யூட்டரை மட்டும் சும்மா விடுமா? வந்தவர்கள் அது என்னவென்று கேட்டால், "அது சாமி ரூமுங்க" என்பாய். நானும் அப்படியே நம்பிக்கொண்டிருந்தேன்.

உனக்கு உடம்புக்கு முடியாமல் போனபோது, மருந்து ஏற்றிக்கொண்ட களைப்போடு கடைக்கு வந்து உன் மகளின் கல்யாணப் பத்திரிகையை அடிக்க உட்கார்ந்தாய். அவளுக்கு அப்போது மாப்பிள்ளை பார்க்கவே ஆரம்பிக்கவில்லை. "மாப்பிள்ள ஊட்டுப் பேரும் தேதியும் நீ அப்பறம் போட்டுக்க. நம்ம பக்கத்துப் பேரு பூராத்தையும் நான் அடிச்சர்றேன். அவங்கப்பனை நம்புனா சொந்தச் சித்தப்பன் பேரையே உட்டுப்போடுவாரு" என்றாய். அடித்து முடித்ததும் உன் பெயர் இருந்த வரியைக் காட்டினாய். பெயருக்கு முன்னால் கொஞ்சம் இடம் வெறுமையாக இருந்தது.

"இது எதுக்கு?" என்றேன்.

"தெய்வத்திரு போடறதுக்கு. எடம் உடாம அப்பறமாச் சேத்துனா வரி ஒடைஞ்சு கீழ எறங்கிரும், பாக்க நல்லா இருக்காது. வேண்டாம்னா பேரை இழுத்து ஒட்டிக்கலாம்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் "வாயக் கழுவுடி" என்று கத்திவிட்டேன். நீ கோபப்படவில்லை. "வேலைன்னா எல்லாத்தையும் பாத்துத்தான செய்யோணும்? வா, டீ குடிச்சுட்டு வரலாம்" என்று படியிறங்கினாய். அன்று என் டீ குடிக்காமலே ஆறிப்போயிற்று.

உன் மகளுக்குக் கல்யாணம் கூடிவந்துவிட்டது, புள்ள. மாப்பிள்ளை திருச்செங்கோட்டுப் பக்கம். மரியாதையான பிள்ளை, உனக்குப் பிடித்திருக்கும். நிச்சயம் முடிந்ததும் அவள் நேராகக் கடைக்கு வந்தாள். "பெரியம்மா, அம்மா அடிச்ச பத்திரிகையே போதும். வேற மாடல் எதுவும் காட்டாதீங்க" என்று சொன்னாள். சரி சாமி என்று சொல்லிவிட்டேன். சொன்ன வாரத்திலேயே இந்த டிஸ்க் டக் டக்கென்று தட்ட ஆரம்பித்தது. டிஸ்க் போகப் போகிறபோது அப்படித்தான் தட்டும் என்பது இத்தனை வருஷத்தில் எனக்கும் தெரியும்.

பத்திரிகையைப் பென் டிரைவில் எடுத்து என் மகனின் லேப்டாப்பில் திறந்தேன். உன் சொந்தபந்தம் அத்தனையும் ஜிலேபி ஜிலேபியாக வந்து நின்றது. நம்முடைய பழைய தமிழ் எழுத்துருவை நம் கடைக் கம்ப்யூட்டரின் விண்டோஸுக்குள்ளேயே பூட்டி வைத்திருந்தார்கள். விற்ற கம்பெனி இப்போது இல்லை, அதை ஏற்றிய சிடியும் இல்லை. நமக்கு உதிரி பாகம் கொடுக்கும் கடைக்காரர், "எஸ்எஸ்டின்னு சுத்தாத டிஸ்க் இருக்குது, அதைப் போட்டு விண்டோஸைப் புதுசா ஏத்திக்கலாமுங்க்கா" என்றார். புதிதாக ஏற்றினால் எழுத்துரு போய்விடும். இருப்பதை இருந்தபடியே எஸ்எஸ்டிக்கு மாற்ற வேண்டும். திரும்ப அடித்துக்கொண்டால் என்ன என்று என் மகன் கேட்டான். அடிக்கலாம். ஆனால் அது நான் அடித்த பத்திரிகை. அவள் கேட்டது உன்னுடையதை.

எஸ்எஸ்டி சீட்டுக்கட்டு அளவுதான் இருந்தது, கையில் கனமே இல்லை. நகலெடுக்கும் மென்பொருள், எதையெதை மாற்ற வேண்டும் என்று கட்டம் போட்டுக் கேட்டது. சி ட்ரைவுக்கு டிக் போட்டேன். டி ட்ரைவுக்கும் போட்டேன். 'உ' என்று இருந்ததைப் பார்த்து ஒரு சிரிப்பு வந்தது. காலி இடத்தை எதற்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும், சாமி ரூமைப் புது வீட்டில் புதிதாகவே கட்டிக்கொள்ளலாம் என்று அதை விட்டுவிட்டேன். மத்தியானத்துக்குள் நகல் முடிந்தது. பழையதைக் கழற்றிப் புதியதை மாட்டி ஸ்விட்சைப் போட்டேன். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரே வரி வந்தது: இயங்கத் தொடங்குவதற்கு உரிய டிஸ்க் இல்லை.

பழையதையும் சேர்த்து மாட்டிப் பார்த்தேன். திரை வந்துவிட்டது! கைதட்டிவிட்டேன், போ. கொஞ்ச நேரத்தில் அதே டக் டக் கேட்டது. மிஷின் பழைய டிஸ்க்கிலிருந்துதான் ஓடிக்கொண்டிருந்தது. புதியது பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது. சரி, இன்னொரு முறை நகலெடுக்கலாம் என்று எழுந்தேன். அதற்குள் திரை உறைந்தது, சத்தமும் நின்றது. அதன் பிறகு இந்த டிஸ்க் சுற்றவே இல்லை. உன் நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். உன் மகளுக்கு என்ன பதில் சொல்வேன் என்பதுதான் மனசு பூராவும்.

எவ்வளவு அழுதாலும் திரை அதே வரியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. எனக்கு எர்ரர் வந்தாலே பயம், படிக்காமலே மூடிவிடுவேன், உனக்குத் தெரியும். அப்போதெல்லாம் நீ சொல்வாயே, "பயந்துக்காத, முழுசாப் படி. அது என்னமோ சொல்ல வருது, நாமதான் காது குடுக்கறதில்ல" என்று. சத்தமாகப் படித்தேன். தொடங்குவதற்கு உரியது இல்லை என்றுதான் அது சொன்னது. உள்ளே இருப்பது போய்விட்டது என்று சொல்லவில்லை. அப்படியென்றால் எல்லாம் வந்திருக்கிறது, தொடக்கம் மட்டும் வரவில்லை. போனை எடுத்துத் தேடினேன். யாரோ ஒருவர் பொறுமையாக விளக்கியிருந்தார். விண்டோஸ் தன்னை எழுப்பும் கோப்புகளைத் தனியாக ஒரு குட்டிப் பகுதியில் ஒளித்து வைத்திருக்குமாம். திறந்து பார்த்தால் காலியாகத்தான் தெரியுமாம். காலி என்று நினைத்து அதை மட்டும் விட்டுவிடாதீர்கள் என்று எழுதியிருந்தார்.

அட படுபாவி! நாம் பிள்ளையாருக்குக் கொடுத்த ட்ரைவ்! தினமும் காலையில் நாம் டீ குடிக்கப் போன நேரத்தில் மிஷினை எழுப்பிவிட்டது அதுதான். அதைத்தான் நான் விட்டுவிட்டு வந்திருக்கிறேன். உலகத்தில் வேறு யாருக்காவது இப்படி ஒரு காரணத்தால் கம்ப்யூட்டர் படுத்திருக்குமா? அழுதுகொண்டிருந்தவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். கீழே தறிக்காரம்மா தறியை நிறுத்திவிட்டு மேலே ஏறி வந்துவிட்டார். "என்னாச்சுங்க்கா, அழுவறீங்களா சிரிக்கறீங்களா?" என்று கேட்டார். எனக்கே தெரியவில்லை என்றேன்.

கடைக்காரரிடம் விண்டோஸ் ஏற்றிய பென் டிரைவ் ஒன்றை வாங்கிவந்தேன். அதிலிருந்து மிஷினை எழுப்பி, பழுதுபார்க்கும் பக்கத்துக்குப் போனேன். தானாகச் சரிசெய்கிறேன் என்று அது சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, என்னால் முடியவில்லை என்று கைவிரித்தது. பிறகு போனில் படித்தபடி, கட்டளை எழுதும் கறுப்புச் சன்னலைத் திறந்தேன். விண்டோஸ் இருக்கும் பகுதியைத் தொடங்கக்கூடிய பகுதி என்று முதலில் குறித்தேன். அடுத்து, தொடக்கக் கோப்புகளை அங்கேயே புதிதாக எழுதித்தரும் பிசிடிபூட் கட்டளையை அடித்தேன். தோல்வி என்றது. பயப்படாமல் முழுதாகப் படித்தேன், உன் புண்ணியத்தில். சி ட்ரைவில் விண்டோஸ் இல்லை என்றது. தேடிப் பார்த்தால், பென் டிரைவிலிருந்து எழும்பியபோது நம் சி ட்ரைவை அது டி என்று அழைத்துக்கொண்டிருந்தது. எழுத்தை மாற்றி அடித்தேன். தொடக்கக் கோப்புகள் உருவாகிவிட்டன என்று ஒரு வரி வந்தது.

மறுபடி ஸ்விட்சைப் போட்டேன். பழக்கதோஷத்தில் டீக்கு எழுந்தேன். திரும்புவதற்குள் நீ வந்துவிட்டாய். பனமரத்துப்பட்டி ஏரிக்கரையில், காற்றில் முந்தானையைப் பிடிக்க முடியாமல் நீ சிரித்துக்கொண்டு நிற்கும் அந்தப் படம்தானே நம் திரையில் எப்போதும் இருக்கும்? பத்திரிகையைத் திறந்தேன். ஒவ்வொரு எழுத்தும் நீ வைத்த இடத்தில் இருந்தது. எத்தனை சந்தோஷம் என்று சொல்ல நீ இல்லாமல் போய்விட்டாயே என்று மறுபடி அழுதேன்.

உன் மகளை வரச் சொன்னேன். உன் நாற்காலியில் அவளை உட்காரவைத்து, பக்கத்தில் நின்று மாப்பிள்ளை வீட்டுப் பெயர்களைச் சேர்த்தேன், தேதியைச் சேர்த்தேன். மிச்சம் இருந்தது உன் பெயருக்கு முன்னால் இருந்த இடம் மட்டும்தான். அது எதற்கு என்று அவளுக்கும் தெரியும். நீ சொன்னதை நான் முன்பே சொல்லியிருந்தேன்.

"பெரியம்மா, அதை உட்டர்லாமா? அம்மா பேரு அப்படியே இருக்கட்டுமே. பேரை இழுத்து ஒட்டிக்கலாம்னு அம்மாதான சொன்னாங்க?"

எனக்கும் அதுதான் ஆசை. உன் பெயர்மேல் மவுஸைக்கூடக் கொண்டுபோய்விட்டேன். ஆனால் எத்தனை வீட்டுத் தாத்தாக்களுக்கு, எத்தனை அத்தைகளுக்கு அந்த ஒரு சொல்லை விட்டுவிடாமல் போட்டவள் நீ. உனக்கு மட்டும் அது இல்லாமல் போனால் அது உன் பத்திரிகை ஆகுமா?

"வேண்டாம் சாமி. உங்கம்மா வேலையில கொறை வெச்சா கனவுல வந்து என்னைப் புடிச்சுத் திட்டுவா" என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் அடித்தோம். தெய்வத்திரு. கடைசி எழுத்து விழுந்ததும் திரையைப் பார்த்தேன். வரி உடையவில்லை. கீழே இருந்த ஒரு பெயரும் இடம் மாறவில்லை. நீ விட்டிருந்த இடம் அந்தச் சொல்லுக்குச் சரியாக இருந்தது.

பத்திரிகை அச்சாகி வந்துவிட்டது. முதல் பத்திரிகையைக் குலசாமி கோயிலில் வைத்துவிட்டார்கள். அடுத்ததை உன் படத்துக்கு முன்னால் நான் கொண்டுவந்து வைக்கிறேன். பிழை ஒன்றும் இல்லை, உனக்குப் பயந்து திரும்பத் திரும்பப் படித்துவிட்டேன். புது டிஸ்க்கிலும் ஓரமாக ஒரு துண்டு ஒதுக்கி 'உ' என்று பெயர் வைத்திருக்கிறேன். இந்த முறை அது நிஜமாகவே காலி. மிஷின் இப்போது நொடியில் எழுந்துவிடுகிறது. டீக்கு நேரம் தருவதில்லை. ஆனாலும் ஸ்விட்சைப் போட்டுவிட்டு நான் கீழே இறங்கித்தான் போகிறேன்.

வருகிற ஆயுத பூஜைக்குத் திருப்புளியை நான்தான் எடுக்க வேண்டும். உள்ளே இருப்பவன் இப்போது ஓடுவதுமில்லை, சத்தம் போடுவதுமில்லை. இருந்தாலும் அவனுக்கும் ஒரு பொட்டு உண்டு. சந்தனத்தைக் கெட்டியாகவே குழைத்துக்கொள்கிறேன், புள்ள.