இரண்டு கண்ணாடிக்கும் ஒரே எண்

8-7-2008, செவ்வாய்
அண்ணன் இனியன் விபத்தில் போய் முப்பத்தைந்து நாள். அம்மாவோடு இருக்கலாம் என்று லீவு போட்டுத் திருவண்ணாமலை வந்திருக்கிறேன். ஆபீஸ் லேப்டாப்பும் கூடவே.

"அதுல என்னாடி வேலை?" என்றாள் அம்மா. காரில் ஒரே ஒயரில் பக்கக் கண்ணாடி, ஜன்னல் எல்லாம் பேசிக்கொள்ளும், வேகம் கம்மி, லின் பஸ் என்று பெயர் என்றேன்.

"பஸ்ஸா?"

சாப்பிட்டேன். படுத்தேன்.

10-7, வியாழன்
சென்னையிலிருந்து மணிமொழி போன். ஆபீஸில் என் பக்கத்து சீட். டிரையல் காரில் பக்கக் கண்ணாடி இரண்டும் மடங்கவில்லையாம். ஒயரிங் தப்பு என்று, அதை மாட்டிய சுரேஷ்குமாரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கான்ட்ராக்ட் ஆள்தானே.

"பாவம்டி, அவர் வீட்ல மாசமா வேற இருக்காங்க."

"சரி" என்றேன்.

11-7
தலைக்குக் குளித்தேன். அம்மா சொன்னதால்.

14-7, திங்கள்
செட்டிங் ஃபைலைத் திறந்தேன். ஏன் திறந்தேன்?

அந்த ஒயரில் மெயின் போர்டு ஒவ்வொரு எண்ணாகக் கூப்பிடும். எதனுடைய எண்ணோ அது மட்டும் பதில் சொல்ல வேண்டும். இடது கண்ணாடிக்கு 5. வலது கண்ணாடிக்கும் 5. இரண்டும் ஒரே நேரத்தில் பதில் சொன்னால் மெயின் போர்டுக்கு ஒன்றும் விளங்காது, மடங்கச் சொல்லாது. நாங்கள் ஒவ்வொன்றாகத்தான் மாட்டிச் சோதித்தோம் — அதனால் தெரியவில்லை.

கடைசியாக மாற்றியவர்: அருணாதேவி. நான்தான். ஜூன் 20. அண்ணன் காரியம் முடிந்த இரண்டாம் நாள். அன்று என்ன செய்தேன் என்று நினைவே இல்லை.

பயம் வர வேண்டுமே. வரவில்லை.

16-7, புதன்
மேனேஜர் சக்கரவர்த்தி சாரிடம் போனில் சொன்னேன்.

"வீட்ல துக்கம், இதெல்லாம் நடக்கறதுதாம்மா. நம்பரை மாத்தி அனுப்புங்க. தப்பு ஒயரிங்னே இருக்கட்டும்."

"சுரேஷ்குமார், சார்?"

"அது முடிஞ்சுபோச்சு."

வலதுக்கு 6 போட்டு, வீட்டில் நெட் இல்லாததால் பிரவுசிங் சென்டரிலிருந்து அனுப்பினேன். மாற்றியது ஐந்து நிமிட வேலை.

செத்துப்போன அண்ணனைக் காட்டி நான் தப்பிக்கிறேனா?

18-7, வெள்ளி
பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் புகுந்து பிரவுசிங் சென்டருக்குப் போய்ச் சேர ஒரு மணி நேரம். டீமில் எல்லோருக்கும் மெயில்: தப்பு என்னுடையது, ஒயரிங் சரி, சுரேஷ்குமாரைத் திரும்ப எடுங்கள். அண்ணனைப் பற்றி ஒரு வரி எழுதி, அழித்துவிட்டு அனுப்பினேன்.

23-7, சென்னை
கண்ணாடி இரண்டும் மடங்குகின்றன. என்னை அந்தக் கார் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். சார் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. சுரேஷ்குமாரைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறார்களாம்.

3-8, ஞாயிறு, திருவண்ணாமலை
சுரேஷ்குமாருக்கு நானே போன் செய்தேன். ஓசூரில் வேறு கம்பெனியில் சேர்ந்துவிட்டாராம். திரும்ப வரப்போவதில்லை.

"நீங்க மெயில் போட்டது தெரியும் மேடம். அதுவரைக்கும் எங்க தப்பா மாட்டினோம்னு நானே யோசிச்சிக்கினு இருந்தேங்க. வீட்ல கூட என்னை நம்பல."

மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தேன்.

"மேடம்... அழுவாதீங்க" என்றார்.

அழுதுகொண்டிருப்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது. அம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். சாயங்காலம் வரை இரண்டு பேரும் அண்ணனைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.