ஒன்பது பேர் பட்டியல்

3-ம் தேதி, புதன்

விடிந்ததிலிருந்து மழை. துணி எதுவும் காயவில்லை. வீட்டுக்காரர் கடலுக்குப் போய் ஐந்து நாள். புயல் எச்சரிக்கை அதற்கப்புறம்தான் வந்தது. அவர் போவது மாரி அண்ணன் போட்டில். ஒயர்லெஸ்ஸில் கிடைக்கவில்லையாம்.

அத்தை டி.வி.யை விட்டு நகரவில்லை. 'காசிமேடு மீனவர்கள் மாயம்' என்று சிவப்பில் ஓடுகிறது. மூன்று போட்டு என்றான், அரை மணியில் ஐந்து என்கிறான். ஒரு பெண் தலையில் அடித்துக்கொண்டு அழுவதைத் திரும்பத் திரும்பக் காட்டினார்கள். பார்த்தால் நம் பக்கத்து வீட்டு லட்சுமி அக்கா! போன புயலில் புருஷனைப் பறிகொடுத்தபோது எடுத்தது. கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்.

"அன்னிக்கு அழுததுக்கு இன்னும் வேல வாங்கிகினு கீறானுங்கோ." மாவு கரைக்கப் போய்விட்டார்.

டி.வி.யை அணைத்தேன். அத்தை முறைப்பு.

வாங்க வேண்டியது: மெழுகுவத்தி, பால் பவுடர், அத்தைக்கு பி.பி. மாத்திரை.

4-ம் தேதி, வியாழன்

ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். ஈ காக்கை இல்லை. போட்டு கிளம்ப மீன்துறையில் டோக்கன் வாங்க, ஆள் பட்டியல் அடித்துக் கொடுப்பதுதான் என் முக்கால்வாசி வேலை. இந்தக் காற்றில் யார் வருவார்?

பேப்பரில் ஐந்தாம் பக்கம், எட்டு வரி. ஒரே ஒரு விசைப்படகு பற்றித்தான் கவலை, மற்றவை ஆந்திரப் பக்கம் ஒதுங்கியிருக்கலாம், இன்னும் உறுதியாகவில்லை. யார் படகு என்று இல்லை. தெரியாததைத் தெரியாது என்று போட்டிருக்கிறார்கள். அதுவே எனக்குப் பெரிய ஆறுதல்.

அத்தை ஒத்துக்கொள்ளவில்லை. "டி.வி.ல கடலையே காட்றான். உன் பேப்பரு இன்னாத்த காட்டுது? நேத்து சேதி."

"நேத்து சேதின்னாலும் ஒயுங்கா சொல்லுதா இல்லியா?" என்றேன். அந்த ஒரு படகு யாருடையது? சோறு இறங்கவில்லை. பயமாக இருக்கிறது. வேறு என்ன எழுத.

5-ம் தேதி, வெள்ளி

மழை விட்டது. பேப்பர்காரர் வருமுன்பே வாசலில் நான். முதல் பக்கம். காணாமல் போனது ஜோசப் அண்ணன் போட்டு. ஒன்பது பேர், வயது, தெரு. வீட்டுக்காரர் பெயர் இல்லை. விரல் வைத்து மூன்று தடவை படித்தேன். இல்லை. மாரி அண்ணன் போட்டு ஆந்திராவில் கரை சேர்ந்துவிட்டது. அத்தையைக் கட்டிக்கொண்டு அழுதேன். "பாத்தீங்களா, பேப்பருன்னா பேப்பருதான்" என்று ஜம்பம் வேறு. ஒன்பது வீட்டில் அடுப்பு எரியாது, எனக்கு ஜம்பம். சீ.

அந்தப் பட்டியல் டோக்கனுக்காக நான் அடித்தது. ஜோசப் அண்ணன் ஒவ்வொரு தடவையும் அவசரமாக வருவார். "அதே ஆளுங்கதாம்மா, தேதிய மட்டும் மாத்திக் குடு." மாற்றிக் கொடுப்பேன். பேப்பரிலும் அதே வரிசை.

பதினொரு மணி. வாசலில் டேவிட். பட்டியலில் நாலாவது பெயர். கையில் பேப்பர். அத்தை வீலென்று கத்திவிட்டார்.

"அக்கா, எம்பேர போட்டுகீறாங்கோ. நான் போவலக்கா. ஜொரம். பழவேற்காட்ல மாமியா வூட்ல படுத்துகினு இருந்தேன்."

"அப்போ உன் எடத்துல யாரு போனது?"

பேப்பரை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான்.

"மாரி அண்ணன் போட்டுல ஐஸ் ஏத்த லேட்டாச்சு. சேகர் அண்ணன்தான், 'நீ வூட்டுக்குப் போடா, உன் எடத்துல நான் ஏறிக்கிறேன்'னுச்சு."

என் சேகர்.

தேதியை மட்டும்தான் மாற்றினேன். ஆளைக் கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

அடுத்த பேப்பர் நாளைக் காலையில்தான். அதுவரைக்கும் என்ன செய்ய? நானே எழுந்து டி.வி.யைப் போட்டேன். நாலு போட்டு என்கிறான். லட்சுமி அக்கா வந்து பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். டி.வி.யிலும் அவர்தான், தலையில் அடித்துக்கொண்டு. சத்தத்தைக் கூட்டினேன்.