நீ எழுதின ஸ்கிரிப்ட் இப்போ ஓடுது, சுதா

என் சுதாக் கண்ணு,

கோபத்தோடதான் எழுதறேன். உனக்காக அழுது முடிக்கறதுக்குள்ளயே இந்தக் கோபம் வந்து நெஞ்சுல உக்காந்துக்கிச்சு.

நம்ம பம்ப் கம்பெனியோட கம்ப்யூட்டர் சர்வர்களைப் பாத்துக்கற வேலை உன்னுது. ஞாயிறு தவறாம துடியலூர்ல இருந்து பீளமேட்டுக்கு ஸ்கூட்டர்ல வருவே. பழைய பதிவுகளை அழிக்கணும், பேக்கப் சரியா எடுத்திருக்கான்னு பாக்கணும், ஒவ்வொரு சர்வரா நிறுத்தி மறுபடி ஓடவிடணும். இதையெல்லாம் தானாவே செய்யறதுக்கு ஒரு ஸ்கிரிப்ட் எழுதினே. ஏதாவது பிசகுனா உன் போனுக்குத் தகவல் வந்துரும். சும்மா கிடந்த சர்வர் ஒண்ணுல ஓட்டியும் காட்டி, இதையே போட்டுக்கலாமான்னு மேனேஜர்கிட்டக் கேட்டே.

அவர் என்ன சொன்னார்? "எல்லாத்தையும் அதே பாத்துக்கும்னா உங்களுக்கு எதுக்குங்க அம்மணி சம்பளம்? நேர்ல வந்து பாருங்க."

திரும்பவும் கேட்டே. அதே பதில். அந்த ஞாயிறும் கிளம்புனே. மேட்டுப்பாளையம் ரோட்டுல லாரி.

உன் காரியம் முடிஞ்ச கையோட, வேற ஆள் கிடைக்கலைன்னு அதே ஸ்கிரிப்டைப் போட்டுட்டாங்க, கண்ணு. ஒரு தடங்கல் இல்லாம ஓடுது. "இனி ஞாயித்துக்கிழமை யாரும் வர வேண்டியதில்லைங்க, எல்லாம் நான் பண்ணுன ஏற்பாடு"ன்னு மீட்டிங்ல முதலாளிகிட்டப் பெருமையாச் சொல்றார் அந்த மனுசன். கணக்குப் பிரிவுல இருக்கறவ நான், எனக்கு அங்க பேச வேலையே இல்லை. எந்திரிச்சுட்டேன்.

"அது சுதா எழுதுனதுங்க. அப்பவே போட்டிருந்தா அவ அன்னைக்கு ஊட்டுல இருந்திருப்பா."

"உக்காருங்கம்மா"ன்னார் மேனேஜர். நான் உக்காரலை.

முதலாளி அவரைத் திரும்பிப் பாத்தார். "அந்தப் பொண்ணு முன்னாடியே கேட்டுச்சா?"

மேனேஜர் தலையைக் குனிஞ்சுட்டு, "கேட்டாங்க"ன்னார்.

அவ்வளவுதான். டீ வந்துது, குடிச்சாங்க. அவர் இன்னும் அதே சீட்டுலதான் இருக்கார். அந்த டீ எப்படித் தொண்டையில இறங்குச்சு, சொல்லு?

உங்கம்மாவை நினைச்சாத்தான் எனக்கு ஆறவே மாட்டேங்குது. துக்கம் கேக்க வந்தப்ப மேனேஜர், "வேலைன்னா சுதாவுக்கு உசுருங்க, லீவு நாள்லயும் அவங்களா வந்துருவாங்க"ன்னு சொல்லிட்டுப் போயிட்டார். சின்னம்மா அதையே நம்பி, வர்றவங்ககிட்டயெல்லாம் சொல்லிட்டு இருக்காங்க.

இந்த ஞாயிறு அவரை உங்க ஊட்டுக்குக் கூட்டிட்டு வாரேன். சின்னம்மா முன்னால நின்னு நெசத்தைச் சொல்லட்டும். வர மாட்டேன்னா நானே சொல்லிப்போடறேன்: "சின்னம்மா, ஞாயித்துக்கிழமை உங்ககூட இருக்கத்தான் உங்க பொண்ணு அதை எழுதுனா."

உன் பெரியம்மா மக,
தனலட்சுமி அக்கா