பிள்ளையார் முடக்கில் கொதித்த பெற்றோல்

1959 மார்ச் 3, செவ்வாய்

காலையிலேயே வெயில் சுட்டெரிக்கிறது. லக்கலப் பக்கம் இப்படித்தான். தங்கை மகள் பாக்கியத்தின் வீட்டுக்கு நான் வந்து நாலு நாள். அவள் புருஷன் தங்கராசுக்கு இங்கே ஏலக்காய் ஸ்டோரில் வேலை.

பிரசவம் பார்க்கிற மிட்வைஃப் நோனா வந்து பாக்கியத்தின் வயிற்றைத் தடவிப் பார்த்தாள். முகம் சரியில்லை.

"புள்ள குறுக்கால கெடக்கு. இங்க பாக்க ஏலாது. இன்னம் ரெண்டு கெழம இருக்கு. அடுத்த கெழம மாத்தளை ஆஸ்பத்திரியில கொண்டுபோய் விடுங்க. பஸ் குலுக்கல் ஆகவே ஆகாது."

போன பிரசவத்துக்கு மாட்டு வண்டி. மாத்தளைப் பாதையில் மேடு தாண்டுமுன் பிள்ளை போய்விட்டது.

"நோனா, கையில துரையோட காரு இருக்கு. எனக்கு அது மேடே இல்ல" என்றேன்.

மேடுதான். அதுதான் கஷ்டம்.

மார்ச் 4, புதன்

வெயில். ஆள் ஏற்றாமல் ஓட்டிப் பார்த்தேன். நான் டிரைவராயிருந்த வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போகும்போது என்னிடம் விட்டுப்போன கார். இலங்கை முழுவதிலும் இதை அடக்க என்னை விட்டால் ஆளில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். சொல்லாவிட்டாலும் நினைத்திருப்பார்.

சூப்பர்சார்ஜர் பூட்டிய இன்ஜின். காற்றை அமுக்கி உள்ளே தள்ளும், மேட்டில் யானை மாதிரி இழுக்கும். ஆனால் அந்தச் சாமான் இஸ்திரிப் பெட்டிபோலச் சுடும். பெற்றோல் பைப் போவதோ அதற்குப் பக்கத்தால். ரோடு வளைந்து ஏறுகிற, பிள்ளையார் கல் இருக்கிற முடக்கு வந்ததும் பைப்புக்குள்ளேயே பெற்றோல் கொதித்து ஆவியாகிவிடும். பம்ப் டக்டக்கென்று வெறும் ஆவியை அடிக்கும். இன்ஜின் இருமும். நிற்கும்.

இன்றும் நின்றது. பம்புக்கு ஈரச் சாக்குப் போட்டு, ஆறும்வரை காத்திருப்பு. பின்னால் ஒரு வண்டிக்காரன்.

"என்னா டிரைவரய்யா, இன்னைக்கும் சாமி கும்பிடவா?"

"ஆமாப்பா. இந்த எடத்தில நிக்காம நான் போறதே இல்ல."

அவன் பார்க்கத் தேங்காயும் உடைத்தேன்.

மார்ச் 5, வியாழன்

பெற்றோல் ஓரிடத்தில் நின்றால்தான் சூடேறும். ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இன்ஜின் குடித்தது போக மிச்சம் திரும்பி வர ஒரு பைப். இந்த மூளை சீமையில் எத்தனை பேருக்கு இருக்குமோ.

வேண்டியவை: செப்புப் பைப். டி மூட்டு. ஊசி ஓட்டை உள்ள மண்ணெண்ணெய் அடுப்பு நிப்பிள் ஒன்று, திரும்புகிற வாசலில் வைக்க. ஓட்டை பெரிதானால் இன்ஜினுக்குப் பங்கு குறையும், அதனால் ஊசியால் கொஞ்சமே அகலப்படுத்தினேன்.

திரும்பு பைப் பின்னாலிருக்கிற டேங்குவரை எட்டவில்லை. பம்புக்கு வருகிற பைப்பிலேயே மூட்டிவிட்டேன். கெட்டித்தனம்.

பாக்கியத்துக்குக் கால் வீக்கம். என் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிறாள்.

மார்ச் 6, வெள்ளி

நின்றது. முடக்குக்குக் கீழேயே, முன்பைவிடச் சீக்கிரமாக. திரும்பு பைப்பைத் தொட்டு விரல் வெந்தது. மத்தியானம் பாக்கியம் சோறு போட்டாள்.

"என்ன மாமா, பிள்ளையாரு ஒங்கள விடமாட்றாரா?"

"அவருக்கு எம்மேல அவ்வளவு பிரியம் புள்ள."

"பிரியம் இருக்கட்டும். நெசத்தச் சொல்லுங்க. என்னைய ஏத்திக்கிட்டுப் போறப்பவும் நிக்குமா?"

வெந்த விரலை ஊதினேன்.

அவள் கொல்லைப்பக்கம் போனாள். குளித்து மிஞ்சிய கொதிதண்ணீரை, நிறைந்திருந்த தண்ணீர்ப் பீப்பாயில் கொட்டினாள். பீப்பாய்க்குள் கை விட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

அட மடையா! சூட்டோடு திரும்புவதை ஆறவிடாமல் பம்புக்கே கொடுத்து, சுட்டதையே திரும்பத் திரும்பச் சுட்டிருக்கிறேன். அது டேங்குக்குப் போய்ச் சேர வேண்டும். டேங்கும் கழுத்துவரை நிரம்பி இருக்க வேண்டும். அரை டேங்க் என்றால் அதுவும் சூடேறிவிடும்.

தங்கராசிடம் சொன்னேன்: "நேத்தே தெரியும், நாலு பக்கமும் யோசிச்சுப் பாத்தேன்."

மார்ச் 7, சனி

விடியும்போதே வேலை. ஸ்டோரில் பழுதாய்க் கிடந்த மருந்தடிக்கும் பம்பின் பைப்பைத் தங்கராசு கேட்டு வாங்கி வந்தான். கழுவிக் கழுவி மாட்டினேன். டேங்குவரை எட்டியது. அந்த இஸ்திரிப் பெட்டிச் சாமானுக்குப் பக்கத்தில் பைப் போகிற இடமெல்லாம் சூடு தாங்கும் கல்நார்க் கயிறு சுற்றினேன். டேங்க் கழுத்துவரை பெற்றோல். மாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும்.

அதே நாள், மாத்தளை ஆஸ்பத்திரி முற்றம், காருக்குள்

ஓட்டிப் பார்க்க விடவில்லை. உச்சி வெயிலில் வலி கண்டுவிட்டது. பின் சீட்டில் பாக்கியம், நோனா. முன்னால் தங்கராசு, முகத்தில் ரத்தமே இல்லை.

மேடு. இரண்டாம் கியர். பம்ப் மெதுவாக, டக்... டக். முடக்கு தெரிந்ததும் பாக்கியம் பின்னாலிருந்து என் சட்டையைப் பிடித்தாள். கிழிந்தது. டக்... டக். கல் பக்கத்தால் போனது. பின்னால் போனது.

"நிக்கலயா?" நோனா கேட்டாள்.

"இன்னைக்கு வேணாம்னுட்டாரு."

பாக்கியத்தை உள்ளே கொண்டுபோனார்கள். இங்கே முடியாவிட்டால் கண்டிக்கு அனுப்ப வேண்டிவரும், காரைத் தயாராக வைக்கச் சொன்னார் டொக்டர். அதனால் இன்ஜினை நிறுத்தவில்லை. நிறுத்தினால் பைப்பில் நிற்கிற பெற்றோல் கொதித்துவிடும், பிறகு அசையாது. ஓடினால்தான் சுற்றும்.

அட்டெண்டன் வந்து கத்தினான். "ஓய், சத்தத்த நிப்பாட்டும்! நோயாளிங்க இருக்காங்க!"

"என் நோயாளியும் உள்ளதான் இருக்கா. ஏலாது."

முறைத்துவிட்டுப் போனான். மணிக்கணக்காய் ஓடுகிறது. அடிக்கடி இறங்கித் தொட்டுப் பார்க்கிறேன். திரும்பு பைப்: இளஞ்சூடு. டேங்க்: குளிர்ச்சி. உள்ளேயிருந்து ஒரு சேதியும் இல்லை. பிள்ளையாரப்பா, நிற்காமல் வந்ததை மனதில் வைக்காதே.

தங்கராசு ஓடி வருகிறான். கையை ஆட்டுகிறான். கண்டிக்கா?

"நிப்பாட்டுங்க மாமா! நிப்பாட்டுங்க! ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க!"

நிறுத்தினேன். சாவி இரண்டு தரம் கீழே விழுந்தது. எண்ணெய்க் கை, வேறொன்றுமில்லை.