விலகுவதாகச் சொல்லப்போன வகுப்பு

ஞாயிறு இரவு, வெள்ளவத்தை

கணினி முதுகலைப் படிப்பிலிருந்து விலகுவதாகச் சொல்லத்தான் இன்று போனேன். கிழமை முழுக்க வங்கி வேலை, ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. உடம்பு தாங்கவில்லை. பேச வேண்டும் என்று மட்டும் காலையிலேயே விரிவுரையாளரிடம் சொல்லிவைத்தேன். பாடத்தின் நடுவே தூங்கிவிட்டேன். கனவில் திரையிலிருந்த எழுத்துகள் கடலில் மிதந்தன. நான் இடுப்பளவு நீரில் நின்று, அவசரமே இல்லாமல் அவற்றை அடுக்கிக்கொண்டிருந்தேன்.

விழித்தபோது மற்றவர்கள் போய்விட்டார்கள். விளக்கை அணைத்துவிட்டு விரிவுரையாளர் மட்டும் முன்வரிசையில் இருந்தார். என்னைவிட இளையவர்.

"எழுப்ப மனம் வரேல்லை அக்கா. ஏதோ கதைக்கோணுமெண்டு காலமை சொன்னீங்கள்."

"அடுத்த கிழமை என்ன பாடம், மிஸ்?" என்றுதான் வாயில் வந்தது.

வீட்டில் கணவர் கேட்டார்: "விலகிறதெண்டு சொல்லிப்போட்டீரோ?"

"இல்லையப்பா. நித்திரையாப் போனன்."

செய்தது சரியா, தெரியவில்லை. ஆனால் இப்படி நிம்மதியாகத் தூங்கிப் பல மாதமாயிற்று.