ராட்டினத்துக்கு விட்டுவைத்த நிலம்

மார்கழி கடைசி ஞாயிறு, தில்லி ஜனக்புரி.

கேளிக்கைப் பூங்காவை ஒட்டிய காலி நிலத்தில்தான் காலனித் தமிழ்ப் பெண்கள் தினமும் மாலையில் உட்காருவோம். தையில் பொங்கல் வைப்போம். பூங்காவில் பெரிய வேலையிலிருக்கும் என் மகன் சேகருக்காகத்தான் பூங்காக்காரர்கள் எங்களை அங்கே விடுகிறார்கள் என்று எல்லோரிடமும் பீற்றியிருக்கிறேன். இந்தப் பொங்கலுக்கும் கேட்டேன். சிரித்தான்.

"இனிமே கிடையாதும்மா. புது ராட்டினம் வருது. அதுக்குன்னு அப்பவே வாங்கிப் போட்ட இடம். ஆளில்லாம விட்டா எவனாவது குடிசை போட்ருவான். நீங்க உக்காந்ததால பத்திரமா இருந்துச்சு."

"அப்ப நாங்க சம்பளமில்லாத சௌக்கிதாரா?"

"அச்சா, விடும்மா."

நாளை மற்ற பெண்களிடம் நான்தான் சொல்ல வேண்டும். ராட்டினம் வருகிறது என்பேன். எங்களைக் காவலுக்கு வைத்த கதை என்னோடு போகட்டும்.