உன்னிடம் கேட்காமல் போட்ட டிக்

அக்கா,

இன்று காலை வெளிநோயாளர் வரிசையில் யாரோ தலைவலித் தைலம் தேய்த்துக்கொண்டு நின்றார்கள். வாசனை மருந்து ஜன்னல் வரைக்கும் வந்ததும் எனக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. கடைசி நான்கு மாதமும் அந்த வாசனையோடுதான் நீ மலையடிவாரத்திலிருந்து வந்தாய். "தலவலி விட்டபாடில்ல சிஸ்டர், தூக்கமும் இல்ல" என்பாய். நான் பத்து மாத்திரையை மடித்துக் கொடுத்து அனுப்புவேன். நர்சுக்குப் படித்தவள் நான். தூக்கமில்லாத தலைவலிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று கேட்கத் தெரியாதவளா?

பேரையூர்ப் பக்கத்து இந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில் உன்னை எல்லாவற்றுக்கும் பயன்படுத்தினோம். உங்கள் பளியர் குடியிருப்பிலிருந்து பிரசவத்துக்கு ஆள் வரவேண்டுமா, நீ. ஊசிக்குப் பயந்து ஓடும் பிள்ளையைப் பிடிக்கவேண்டுமா, நீ. தன்னார்வலர் என்று ஒரு பெயர் வேறு. நீ கூட்டிவந்தவர்களை டாக்டர் கடைசியாகத்தான் பார்ப்பார். "காட்டு சனத்துக்கு என்ன அவசரம்" என்று வரிசையில் ஒருவன் சொன்னபோது நீ சிரித்துவைத்தாய். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

பிறகு மனநலக் கணக்கெடுப்பு வந்தது. வாழப் பிடிக்கவில்லை என்று தோன்றியதுண்டா என ஒவ்வொருவரிடமும் தனியாகக் கேட்டு எழுதவேண்டும். வீடு வீடாக நீதான் கூட்டிப்போனாய். ஒரு பெரியவர் பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தபோது, "அவசரப்படாதீக, வாயத் தொறப்பாரு" என்று என் கையைப் பிடித்து நிறுத்தினாய். அவர் பேசினார். இன்றைக்கும் மாதாமாதம் மாத்திரை வாங்க வருகிறார்.

கடைசிப் படிவம் உன்னுடையது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. "ஒனக்கென்னக்கா, நீ எங்க ஆளு" என்று சொல்லிக்கொண்டே எல்லாக் கேள்விக்கும் 'இல்லை' என்று நானே டிக் போட்டேன். நீ ஏதோ சொல்ல வந்தாய். "அப்புறம் வாரேன்க்கா" என்று ஓடினேன்.

மூன்றாவது வாரம் நீ உயிரை மாய்த்துக்கொண்டாய்.

மதுரையில் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் ஓர் அதிகாரி உன் படிவத்தைப் புரட்டினார். "எல்லாமே நார்மல்னுதான் இருக்கு. இந்த சனங்க மனசு விட்டுப் பேசாதும்மா, நாம என்ன செய்ய முடியும்" என்றார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "அவங்க பேசுனாங்க சார். நாலு மாசமாத் தலவலி, தூக்கமில்லன்னு பேசுனாங்க. இந்த 'இல்லை' அவங்க சொன்னதில்ல, நான் போட்டது" என்றேன். பொய்ப் பதிவு என்று எனக்கு மெமோ வந்தது. நியாயம்தான். ஆனால் உங்கள் ஆட்களை வருஷக்கணக்காகக் கடைசியில் நிறுத்திய டாக்டருக்கு ஒரு மெமோவும் இல்லை.

உன் இடத்தில் இப்போது உன் நாத்தனார். போன வாரம் அவளை அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தி, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்டேன். காத்திருந்தேன். டாக்டர் இரண்டு தடவை கூப்பிட்டார், போகவில்லை.

"தோணுது சிஸ்டர்" என்றாள். "யாருமே கேக்கலயே."

அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போனேன். அவள் வீட்டாரிடமும் பேசினேன். இரண்டு நாளாக ராத்திரியில் தூக்கம் வருகிறதாம்.

அவளிடம் கேட்டுப் பதில் வாங்கப் பத்து நிமிஷம் ஆனது, அக்கா. அந்தப் பத்து நிமிஷத்தை உனக்குக் கொடுக்காத ஆத்திரம் என்னிடம் அப்படியே இருக்கிறது. அது அடங்க வேண்டாம்.